கௌபாய் சிறுகதைகள்: துப்பாக்கியே தொடாத எனக்கு இது ஏன் பிடிக்குது?

பெருமாள்மலை மழை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் வெட்கத்தோடதான் கேக்குறேன், சிரிக்காதீங்க.

பெருமாள்மலையில எங்க வீட்டு மாடியில ரெண்டு ரூமை டூரிஸ்டுகளுக்கு விடுறோம். போன வருஷம் ஒரு அமெரிக்கத் தாத்தா பத்து நாள் தங்கினார். சின்ன வயசுல கொடைக்கானல் ஹாஸ்டல்ல இருந்து படிச்சவராம், பழைய இடமெல்லாம் ஒரு தடவை பாத்துட்டுப் போகலாம்னு வந்திருந்தார். கிளம்புற அன்னைக்குப் பெட்டி எடை கூடிப்போச்சுன்னு ஒரு தடிப் புத்தகத்தை மேசையிலயே விட்டுட்டார். அட்டை கிடையாது, முதல் நாலஞ்சு பக்கமும் கிடையாது. உள்ள பூராவும் அமெரிக்காவோட மேற்குப் பக்கத்துக் கதைகள். குதிரை, ஷெரிப், சலூன், தூசி.

நான் தமிழ் எம்.ஏ. வீட்டு அலமாரியில கு.ப.ரா.வும் மௌனியும் இருக்காங்க. இந்த மாதிரிக் கதையெல்லாம் பையன்கள் படிக்கிறதுன்னுதான் நினைச்சிருந்தேன். ஐப்பசி மழையில மூணு நாள் கரண்ட் இல்ல, போன்ல சார்ஜ் இல்ல, கையில வேற புத்தகமும் இல்ல. மெழுகுவத்தியை வச்சுக்கிட்டு எடுத்தவ, விடிய நாலு மணி வரைக்கும் கீழ வைக்கல.

முதல்ல படிச்சது டோரத்தி ஜான்சன்னு ஒரு அம்மா எழுதின கதை. 1910ல பெர்ட் பாரிகூன்னு ஒருத்தர் செத்துப் போறார். சாவுக்கு ஒரு டஜன் ஆளுக்கு மேல வரல. ஆனா வந்ததுல ஒருத்தர் செனட்டர். இந்த அனாதைப் பொணத்துக்கு இவ்வளவு பெரிய ஆள் எதுக்கு வந்தார்னு ஒரு பத்திரிகைக்காரப் பையன் கேக்குறான். அங்கதான் கதை ஆரம்பம். முடிச்சப்ப எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு. லிபர்ட்டி வாலன்ஸ்ங்கிற ரவுடியைச் சுட்டது யாருங்கிறதுதான் கதை. ஆனா சுட்டதைப் பத்தின கதையே இல்ல அது.

என் பிரண்டுகிட்ட சொன்னா, "அடியே, இதெல்லாம் டிஷ்யூம் டிஷ்யூம் கதை"ன்னு சிரிக்கிறா. சரி, நான் கேக்குறது இதுதான். வேற யாராவது இந்தக் கதைகளைப் படிச்சிருக்கீங்களா? நமக்கும் அந்த ஊருக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. அப்புறம் ஏன் பிடிக்குது? இன்னும் எதைப் படிக்கலாம்?

---

குன்னூர் ரயிலடி பதில்:

வாங்க வாங்க, வெட்கம் எதுக்கு! எங்க வயசுக்காரங்களுக்கு இதெல்லாம் தாய்ப்பால். சிவகாசியில இருந்து வர்ற முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸுக்குக் குன்னூர் பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில காத்துக் கிடப்போம். டெக்ஸ் வில்லர் வந்துட்டான்னா அன்னைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது.

ஒரு வேடிக்கை சொல்றேன். அந்த டெக்ஸ் வில்லர் அமெரிக்காக்காரனே இல்ல. 1948ல இத்தாலியில பிறந்தவன். லக்கி லூக் பெல்ஜியம். நம்ம பங்குக்கு ஜெய்சங்கருக்குத் தொப்பியும் பூட்ஸும் மாட்டி 1972ல 'கங்கா' எடுத்தோம். எங்கப்பா அந்தப் படத்தைப் பத்துத் தடவை பாத்தவர். ஆக, அந்த ஊரைக் கண்ணால பாக்காதவன்தான் அந்த ஊர்க் கதையை ரொம்ப ரசிக்கிறான். நீங்க மட்டும் என்ன பாவம் பண்ணீங்க?

சிறுகதைன்னு நான் தனியாப் படிச்சதில்ல. படம் தெரியும். ஜான் போர்டு 1939ல எடுத்த 'ஸ்டேஜ்கோச்', எர்னஸ்ட் ஹேகாக்ஸ் எழுதின ஒரு சிறுகதையில இருந்து வந்தது. 'ஹை நூன்' படமும் ஒரு சிறுகதைதான். இத்தனூண்டு கதையில இருந்து இவ்வளவு பெரிய படமான்னு ஆச்சரியப்பட்டிருக்கேன். அவ்வளவுதான் நமக்குத் தெரிஞ்சது. விவரம் தெரிஞ்சவங்க வருவாங்க, இருங்க.

---

கூடலூர்ச் சாரல் பதில்:

நான் சண்டைக்கு வரலை தோழி. ஆனா கூட்டத்துல ஒருத்தியாவது இதைச் சொல்லணும்.

இந்தக் கதைகள்ல 'யாருமில்லாத வெட்டவெளி'ன்னு வரும் பாருங்க, அங்க ஆள் இருந்தாங்க. 1862ல ஒரு சட்டம் போட்டு, அஞ்சு வருஷம் குடியிருந்து பயிர் பண்ணினா 160 ஏக்கர் உனக்குன்னு அள்ளிக் கொடுத்தாங்க. யாரு நிலத்தை எடுத்து யாருக்குக் கொடுத்தாங்க? கூடலூர்ல பிறந்தவளுக்கு அந்தக் கேள்வி தானா வந்துடும். இங்க ஜென்ம நில ஒழிப்புச் சட்டம், அதாவது பரம்பரை உரிமையா வச்சிருந்த பெரிய நிலங்களை ஒழிக்கிற சட்டம், வந்தது 1969ல. எது எஸ்டேட், எது காடு, எது யாரோட பாட்டன் பூமின்னு இன்னைக்கு வரைக்கும் டீக்கடையில பேச்சு ஓயலை. அந்தப் பேச்சுல இங்கத்துப் பழங்குடிகளான பணியரும் காட்டுநாயக்கரும் எந்த பெஞ்சுல உக்காந்திருக்காங்கன்னு பாத்தாலே போதும்.

பழைய கௌபாய்க் கதைகள்ல பாதியில செவ்விந்தியர்னா புழுதியைக் கிளப்பிக்கிட்டு வர்ற கூட்டம், அவ்வளவுதான். பேரு கிடையாது, அம்மா கிடையாது, பசி கிடையாது. எனக்கு அது தொண்டையில முள்ளு மாதிரி.

ஆனா நீங்க சொன்ன அதே டோரத்தி ஜான்சன் 1950ல இன்னொரு கதை எழுதியிருக்காங்க, 'எ மேன் கால்ட் ஹார்ஸ்'. குரோங்கிற செவ்விந்திய இனத்தாருகிட்ட சிறைபட்ட ஒரு வெள்ளைக்காரன். அவனை ஒரு கிழவிக்கு வேலையாளாக் கொடுத்துடுவாங்க. குதிரை மாதிரி நடத்தினா குதிரை மாதிரியே பொறுத்துப் போயிடலாம்னு தன் பேரையே குதிரைன்னு வச்சுக்குவான். கடைசியில அவன் கிளம்பிப் போகலாம், தடுக்க ஆளே இல்ல. ஆனா ஒரு காரணத்துக்காகப் போகாம நிப்பான். அந்தக் காரணம் வீரம் இல்ல. உங்க தடிப் புத்தகத்துல அது இருந்தா முதல்ல அதைப் படிங்க.

---

பொதிகாரர் மகன் பதில்:

தங்கச்சி, உங்கள் கேள்வியை நேற்றுக் காலையில் பார்த்தேன். பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்குப் பேச்சு வழக்கில் டைப் அடிக்க வராது. தபால் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன், கடிதம் போலத்தான் வரும். நீளமாகவும் வரும்.

என் அய்யா பொதிக்குதிரை வைத்திருந்தவர். நான்கு குதிரை. கொடைக்கானலுக்குக் கீழே வெள்ளகவிப் பக்கம் ரோடு போகாத ஊர்களுக்கு அரிசி, உப்பு, மண்ணெண்ணெய் இறக்குவார். மேலே வரும்போது காப்பிக்கொட்டை, எலுமிச்சை, மிளகு. அந்த மலையில் மோட்டார் ரோடு வருவதற்கு முன்னால் வெள்ளைக்காரர்களே குதிரையிலும் டோலியிலும்தான் கொடைக்கானலுக்கு ஏறினார்கள். 1845ல் இங்கே முதலில் வீடு கட்டியவர்கள் அமெரிக்க மிஷனரிகள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அமெரிக்கப் புத்தகங்கள் மூஞ்சிக்கல் பழைய பேப்பர் கடைக்கு வந்து சேர்ந்ததும் அப்படித்தான். ஊரைக் காலி பண்ணிப் போகிறவர்கள் வீட்டுச் சாமானோடு போட்டுவிட்டுப் போவார்கள். கிலோக் கணக்கில் வாங்கினேன். இங்கிலீஷ் அரைகுறை. குதிரைப் படம் போட்டிருந்தால் வாங்கிவிடுவேன், அவ்வளவுதான் என் இலக்கிய ரசனை.

முதலில் ஒன்று. கௌபாய் என்றால் என்ன? மாடு மேய்க்கிற பையன். நம்மூரில் படிக்காத பிள்ளையை "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று திட்டுவோம். அவர்கள் அந்த மேய்ப்பனை எடுத்துக் கதாநாயகன் ஆக்கிவிட்டார்கள். அதுவும் டெக்சாஸில் இருந்து ஆயிரக்கணக்கான மாட்டை ரயிலடி வரைக்கும் ஓட்டிப்போன அந்தக் காலம் உள்நாட்டுப் போருக்குப் பிறகு ஏறக்குறைய இருபது வருஷம்தான். 1874ல் முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். வெட்டவெளியில் வேலி விழுந்தது. ரயில் பாதை தெற்கே நீண்டது. 1886-87 பனிக்காலத்தில் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. கதை எழுதியவர்களில் பெரும்பாலோர் அது முடிந்த பிறகு வந்தவர்கள். கூடலூர்த் தங்கச்சி சொன்னதை நான் மறுக்க மாட்டேன். இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அந்தத் தொழிலையே மெக்சிக்கோக்காரர்களிடம்தான் கற்றார்கள், மாட்டுக்காரர்களில் கருப்பர்களும் ஏராளம். நான் வாங்கிய புத்தகங்களின் அட்டைப்படத்தில் அவர்களைப் பார்த்ததே இல்லை.

இனி ஏன் பிடிக்கிறது என்பதற்கு வருகிறேன்.

எனக்கு ஒரு அளவுகோல் உண்டு. கதையில் குதிரை எப்படி நடக்கிறது என்று பார்ப்பேன். மோசமான கதையில் குதிரை காலையில் ஓட ஆரம்பித்துச் சாயங்காலம் வரை ஓடும். அது ஜீப். நிஜக் குதிரையை அப்படி ஓட்டினால் மதியத்துக்குள் வாயில் நுரை தள்ளிப் படுத்துவிடும். நல்ல கதை எழுதியவனுக்குக் குதிரையை இறங்கி நடத்திக்கொண்டு போகத் தெரியும், தண்ணீர் காட்டத் தெரியும், காலைத் தூக்கி லாடம் பார்க்கத் தெரியும். குதிரையைப் பற்றிப் பொய் சொல்லாதவன் மனிதனைப் பற்றியும் ரொம்பப் பொய் சொல்ல மாட்டான் என்பது என் கணக்கு.

இந்தக் கணக்கு ஒரே ஒரு இடத்தில் உதைத்தது. எல்மோர் லெனார்ட். அவர் டெட்ராய்ட் நகரத்தில் விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்தவர். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, ஆபீசுக்குக் கிளம்புவதற்கு முன்னால் எழுதுவார். அரிசோனா நிலம் எப்படி இருக்கும் என்பதை ஒரு பத்திரிகையில் படம் பார்த்தும் படித்தும் தெரிந்துகொண்டார். அப்படி 1953ல் 'டைம் வெஸ்டர்ன்' இதழில் அவர் எழுதிய கதைதான் 'த்ரீ-டென் டு யூமா'. சொல்லுக்கு இரண்டு சென்ட் கூலி. 4,500 சொல்லுக்கு 90 டாலர் கொடுத்தார்கள். பிறகு இரண்டு தடவை படமாக எடுத்தார்கள்.

கதை என்ன? ஒரு டெபுடி, அதாவது சட்டத்தைக் காக்கிற சம்பளக்காரன், ஒரு குற்றவாளியைக் கூட்டிக்கொண்டு ஒரு ஊருக்கு விடிகாலையில் வருகிறான். மதியம் மூன்று பத்துக்கு யூமா ஜெயிலுக்கு ரயில். அதுவரை ஓட்டல் அறையில் இருவரும் உட்கார்ந்திருக்க வேண்டும். கீழே தெருவில் குற்றவாளியின் கூட்டாளிகள் கூடுகிறார்கள். அவ்வளவுதான். ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு ஜன்னல். குற்றவாளி கட்டிலில் சாய்ந்துகொண்டு நிதானமாகப் பேச்சுக் கொடுக்கிறான்: உனக்கு என்ன சம்பளம், பெண்டாட்டி பிள்ளை இருக்கிறதா, இதற்காகவா சாகப் போகிறாய்? படத்தில் அந்தக் காவலாளியை ஒரு ஏழை விவசாயியாக மாற்றி, அவனுக்கு வறட்சி, பணமுடை என்று காரணமெல்லாம் கொடுத்துவிட்டார்கள். கதையில் அவன் வெறும் சம்பளக்காரன். எனக்கு அதுதான் பிடித்தது. சம்பளம் வாங்குகிறேன், வேலையை முடித்துவிட்டுப் போகிறேன் என்கிற ஆள். தபால்காரனுக்கு அது விளங்கும்.

அந்த அறையைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்ததை எழுதுகிறேன்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அய்யாவோடு டவுனுக்கு வந்திருந்தேன். நான்கு குதிரையிலும் காப்பிக்கொட்டை. குதிரைக்குப் பொதி ஏற்றுவது எப்படி என்று பார்த்திருக்கிறீர்களா? முதுகில் வைக்கோல் அடைத்த சாக்கு மெத்தையைப் போட்டு, வயிற்றோடு இழுத்துக் கட்டி, மேலே இந்தப் பக்கம் ஒரு மூட்டை, அந்தப் பக்கம் ஒரு மூட்டை. ரெண்டும் ஒரே எடை இருக்க வேண்டும். ஒரு பக்கம் கூடினால் ஏற்றத்தில் மெத்தை புரண்டு, பொதியோடு குதிரை பள்ளத்துக்குப் போகும். அய்யா ஒவ்வொரு மூட்டையையும் கையால் தூக்கிப் பார்ப்பார். சந்தேகம் வந்தால் ஒரு பக்கத்தில் கல்லைச் செருகுவார்.

வியாபாரி முதல் குதிரையின் மூட்டைகளை இறக்கி நிறுத்தான். ஒரு மூட்டை அஞ்சு கிலோ குறைகிறது என்றான். அய்யா தராசைப் பார்த்தார். "ஒண்ணு அஞ்சு கிலோ குறைஞ்சா, குதிரை டால்பின் நோஸ் ஏத்தத்திலேயே சொல்லியிருக்கும். மெத்த நகரவே இல்ல" என்றார். வியாபாரி சிரித்தான். குதிரை சாட்சி சொல்ல வருமா என்று கேட்டான். கடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

அய்யா சத்தம் போடவில்லை. மற்ற மூன்று குதிரையையும் அவிழ்க்காமல் கடை வாசலில் அப்படியே நிறுத்தினார். எதிர்த்திண்ணையில் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் நான். பேசவே இல்லை. கடைக்குள் போகிறவர்கள் குதிரையைச் சுற்றிப் போக வேண்டும். ஒரு குதிரை சாணி போட்டது. கடைப்பையன் வந்து விரட்டிப் பார்த்தான், சிட்டு என்கிற குதிரை காதைப் பின்னால் மடக்கியது, பையன் உள்ளே போய்விட்டான். பத்து மணி பஸ் போனது. பதினொரு மணி பஸ் போனது. வியாபாரியின் ஆட்கள் இரண்டு பேர் வாசலில் வந்து நின்று எங்களையே பார்த்தார்கள். அய்யா தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மூத்திரம் முட்டுகிறது, எழுந்து போகப் பயம்.

பன்னிரண்டு மணி வாக்கில் வியாபாரியே வெளியே வந்தான். "கொண்டா, இன்னொரு தடவ போட்டுப் பாப்போம்" என்றான். இந்தத் தடவை வேறு எடைக்கல்லை எடுத்துப் போட்டதை நான் பார்த்தேன். இரண்டு மூட்டையும் சரியாக நின்றது. அய்யா பணத்தை எண்ணி மடியில் செருகினார். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குப் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தார். வட்டக்கானல் தாண்டி இறக்கத்தில் போய்க்கொண்டிருக்கும்போது பீடி பற்ற வைக்க நின்றார். மூன்று குச்சி வீணாகப் போனது. கை அப்படி ஆடியது.

யாரும் யாரையும் அடிக்கவில்லை. ஆனால் லெனார்டின் கதையில் மூன்று பத்து மணி ரயிலுக்காக அந்த ஆள் ஜன்னலோரம் நின்று தெருவைப் பார்க்கும்போது, நான் அந்தத் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தேன். கேட்க நாதியில்லாத இடம், கூப்பிட்டால் போலீஸ் வர அரை நாள், எதிரில் நிற்கிறவனுக்கு ஆள் பலம். நம்மிடம் இருப்பது அசையாமல் உட்காரும் தெம்பு ஒன்றுதான். கரண்ட் இல்லாத பெருமாள்மலையில் இருந்துகொண்டு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்கிறீர்களே தங்கச்சி.

நாவலாக எழுதினால் இது கெட்டுவிடும் என்பது என் அபிப்பிராயம். நாவலில் கதாநாயகன் ஊரையே திருத்த வேண்டியிருக்கும், ஐம்பது பேரைச் சுட வேண்டியிருக்கும். சிறுகதையில் ஒரு நாள்தான். சொல்லுக்கு இரண்டு சென்ட் கொடுக்கிற பத்திரிகைக்காரன் மலை வர்ணனைக்குப் பக்கம் ஒதுக்க மாட்டான். அந்தக் கஞ்சத்தனம் கதைக்கு நல்லதாகப் போயிற்று. அதே பத்திரிகைகளில் குப்பையும் மூட்டை மூட்டையாக வந்தது, அதையும் கிலோக் கணக்கில் வாங்கியவன் சொல்கிறேன்.

லிபர்ட்டி வாலன்ஸ் கதையைப் பற்றி ஒரு வார்த்தை. அது 1949ல் வந்தது. படம் 1962. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள், பெயர்கள் கூட வேறு. கட்டுக்கதை உண்மையாகிவிட்டால் கட்டுக்கதையையே அச்சிடு என்று எல்லாரும் மேற்கோள் காட்டுகிற அந்தப் பத்திரிகை ஆசிரியர் வசனம் படத்தில்தான், கதையில் கிடையாது. கதையில் எனக்குப் பிடித்தது வேறு. செய்தவன் பெர்ட். பேர் வாங்கியவன் பாஸ்டர், அதாவது சாவுக்கு வந்த அந்த செனட்டர், பெண்ணும் அவனுக்கு, பதவியும் அவனுக்கு. அத்தோடு விட்டானா? பாஸ்டர் சோர்ந்து போகும்போதெல்லாம் பெர்ட் வந்து முதுகில் குத்தி எழுப்பி மேலே தள்ளுகிறான். பிடிக்காத ஆளைத் தூக்கி விடுகிறான். அந்தப் பெண்ணுக்காக. இதை வெறும் தியாகம் என்று நான் சொல்ல மாட்டேன். அதில் ஒரு வன்மமும் இருக்கிறது, திரும்பப் படித்துப் பாருங்கள்.

இன்னும் என்ன படிக்கலாம் என்று கேட்டீர்கள். பிரெட் ஹார்ட் 1869ல் எழுதிய 'போக்கர் பிளாட்' கதை. ஊர் தள்ளி வைத்த ஒரு சூதாடியும் நடத்தை கெட்டவர்கள் என்று விரட்டிய இரண்டு பெண்களும் மலையில் பனியில் மாட்டிக்கொள்கிறார்கள். கூட வந்த ஒருவன் இரவோடு இரவாகக் கோவேறு கழுதைகளைத் திருடிக்கொண்டு ஓடிவிடுகிறான். (இதைப் படித்தபோது அய்யாவிடம் சொன்னேன். செத்தவர்களைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. "கழுதைய ஓட்டிட்டுப் போனவன் சிக்குனானா?" என்று கேட்டார்.) அதில் ஒரு வயதான பெண் தன் பங்குச் சாப்பாட்டைச் சாப்பிடாமல் ஒரு சின்னப் பெண்ணுக்காகச் சேர்த்து வைத்திருப்பாள். கொஞ்சம் கண்ணீர் கூடுதல்தான், ஆனால் மண் சரிந்து ரோடு அடைபட்ட மலைக்காரர்களுக்கு உறைக்கும்.

எல்லாவற்றையும் விட ஸ்டீபன் கிரேன். 1898ல் எழுதியது, 'தி பிரைட் கம்ஸ் டு எல்லோ ஸ்கை'. எல்லோ ஸ்கை என்பது ஊர்ப் பெயர். அந்த ஊர்க் காவல் அதிகாரியான மார்ஷல் ஜாக் பாட்டர், யாரிடமும் சொல்லாமல் கல்யாணம் பண்ணிக்கொண்டு பெண்டாட்டியோடு ரயிலில் வருகிறான். ஊரில் ஸ்கிராட்சி வில்சன் என்று ஒரு பழைய துப்பாக்கிக்காரன் குடித்துவிட்டுத் தெருத் தெருவாகச் சண்டைக்கு ஆள் தேடுகிறான். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறது. கடைசியில் பாட்டர் வீட்டு வாசலில் நேருக்கு நேர். துப்பாக்கியை எடு என்கிறான். என்னிடம் துப்பாக்கி இல்லை, எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்கிறான் பாட்டர். வில்சனுக்கு விளங்கவே இல்லை. பக்கத்தில் நிற்கிற பெண்ணைப் பார்க்கிறான். அப்புறம் துப்பாக்கியை உறையில் போட்டுக்கொண்டு, மணலில் காலை இழுத்து இழுத்துப் போய்விடுகிறான்.

அந்த வில்சன் போட்டிருக்கிற சட்டை நியூயார்க்கில் தைத்தது. அவன் பூட்ஸ், பனியில் சறுக்கி விளையாடும் சின்னப் பையன்களுக்குப் பிடிக்கிற மாதிரி சிவப்பும் தங்க நிறமும். அதாவது அந்தக் கடைசித் துப்பாக்கிக்காரனே வேஷம் கட்டியவன். கிரேன் இதை எங்கோ நடுவில் இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார். 28 வயதில் செத்துப்போன ஆளுக்கு இது எப்படித் தெரிந்ததோ.

எங்கள் ஊர்ப் பக்கம் ஜீப் வர ஆரம்பித்ததும் பொதிக்கு ஆள் குறைந்தது. அய்யா இரண்டு குதிரையை விற்றார். சிட்டுவை ஏரிக்கரையில் சவாரிக்கு விடுகிற ஒருத்தருக்குக் கொடுத்தார். ஒரு மே மாதம் ஏரிப் பக்கம் போனேன். சிட்டு நின்றுகொண்டிருந்தது, நெற்றியில் குஞ்சம், கழுத்தில் பிளாஸ்டிக் பூ. மேலே மதுரையோ திருச்சியோ, ஒரு சின்னப் பையன். அவன் தலையில் கௌபாய் தொப்பி, போட்டோ எடுப்பதற்காக வாடகைக்குக் கொடுப்பது. அவன் அப்பா, "டேய், துப்பாக்கி மாதிரி விரலை நீட்டுடா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் கிட்டப் போய் சிட்டுவின் முன்னங்காலைத் தூக்கிப் பார்த்தேன். லாடம் தேய்ந்திருந்தது. குதிரைக்காரப் பையனிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

---

பெருமாள்மலை மழை பதில்:

அண்ணா, ஆபீஸ் ரூம்ல உக்காந்து படிச்சேன். அம்மா வந்து "ஏன்டி அழுவுற"ன்னு கேட்டாங்க. சிட்டுவோட லாடத்துக்கா, உங்க அய்யாவோட தீக்குச்சிக்கான்னு தெரியல.

கூடலூர் அக்கா, நீங்க சொன்ன கதை புத்தகத்துல இருக்கு. நேத்து ராத்திரி படிச்சேன். அவன் ஏன் போகலைங்கிற இடத்துல புத்தகத்தை மூடி வச்சுட்டேன். அந்தக் கிழவிக்கு அவனை விட்டா வேற நாதி இல்ல, அவ்வளவுதானே? இவ்வளவு சின்னக் காரணம்!

இன்னொரு சந்தேகம். இப்படி ஒரு கதை தமிழ்ல கிடையாதா? கௌபாய் தொப்பி இல்லாம, நம்ம மண்ணுல?

---

கூடலூர்ச் சாரல் பதில்:

சின்னக் காரணமா? அதைவிடப் பெருசு என்ன இருக்கு தோழி. ஆனா ஒண்ணு, இந்தக் கதையும் வெள்ளைக்காரன் கண்ணு வழியாத்தான் நடக்குது. கிழவி பக்கத்துல இருந்து யாராவது எழுதினா நல்லாருக்கும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை.

---

பொதிகாரர் மகன் பதில்:

தமிழில் இல்லாமல் என்ன. மலையை விட்டு இறங்கினால் வத்தலக்குண்டு. சி.சு. செல்லப்பா வளர்ந்த ஊர். அவருடைய 'வாடிவாசல்' படித்திருப்பீர்களே, எம்.ஏ.வில் பாடமாகவே வைத்திருப்பார்கள். அதை ஒரு தடவை இந்தக் கண்ணோடு திரும்பப் படியுங்கள். வெளியூரில் இருந்து இரண்டு பேர் வருகிறார்கள். ஒருத்தனுக்கு ஒரு பழைய கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது, அப்பனைக் குத்திக் கொன்ற காளை. ஒரு கிழவன் பக்கத்தில் நின்று விவரம் சொல்கிறான். ஊரே வேடிக்கை பார்க்கிறது. ஒரே சாயங்காலம், ஒரே வாசல், எல்லாரும் காத்திருக்கிறார்கள். கதையில் பாதிக்கு மேல் காத்திருப்புதான். கடைசியில் துப்பாக்கியும் வருகிறது. ஜமீன்தார் அதை யார் மேல் நீட்டுகிறார் என்பது உங்களுக்குத் தெரியும்.

செல்லப்பா கௌபாய்க் கதை படித்துவிட்டு எழுதினார் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொன்னால் அடிக்க வருவார்கள். காளைக்காரனும் குதிரைக்காரனும் ஒரே மாதிரித்தான் மூச்சை அடக்குவான், அதனால் கதையும் ஒரே மாதிரி வந்து விழுகிறது. காளையைப் பற்றி அவர் பொய் சொல்லவில்லை பாருங்கள், அதன் திமில், அது தரையைக் கிளறுவது, பார்க்கிற பார்வை. என் அளவுகோல் அங்கேயும் பாஸ்.

குன்னூர் தம்பி, உங்கள் அப்பாவுக்கு என் வணக்கம். 'கங்கா'வை நான் நான்கு தடவைதான் பார்த்தேன்.

தங்கச்சி, உங்கள் புத்தகத்தில் கிரேன் கதை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சனிக்கிழமை மூஞ்சிக்கல்லுக்கு வருவேன், என்னுடையதைக் கொண்டு வந்து தருகிறேன். வாசிக்கலாம், பழுதில்லை. கடைசிப் பக்கத்தின் ஓரத்தை மட்டும் சிட்டு கடித்திருக்கிறது, எழுத்து போகவில்லை.